கடல் கடந்து வந்த ஆங்கில ஆசிரியர்கள்

அமெரிக்க அதிபர் கென்னடி 1961ஆம் ஆண்டு அமைதிப் படை என்னும் தன்னார்வத் தொண்டமைப்பைத் தோற்றுவித்தார். அதன் முதற்குழு 1962 ஜனவரியில் மலாயா வந்தடைந்தது. விடுதலை பெற்று ஐந்தாண்டும் நிறையாத அந்நாட்டில் பள்ளிகள் பெருகிவந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. அடுத்த இருபத்தோர் ஆண்டுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இங்குப் பணியாற்றினர். மருத்துவமனைகளில் தொண்டு செய்தோர் போக, ஆங்கிலமும் அறிவியலும் கணிதமும் கற்பித்தோர் பலர். அவர்களுள் பலர் கல்லூரியை அப்போதுதான் முடித்தவர்கள். அதற்குமுன் பாடம் நடத்தி அறியாதவர்கள்.

புறப்படுமுன் அவர்கள் பெற்ற பயிற்சியில் மலாய்மொழியும் இடம்பெற்றது. ஆங்கிலம் கற்பிக்க வருவோர் முதலில் மாணவராக அமர்ந்தனர் என்பது கருதத்தக்கது. ஆயினும் கிள்ளான் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைக்கு மலாயும் கற்கவேண்டிய மொழியே. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற அப்பிள்ளை, இடைநிலைக் கல்விக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து புதிய பயிற்றுமொழிக்குப் பழகவேண்டியிருந்தது. அவ்வகுப்பில் பிள்ளை வாய்மூடி நிற்பது அறியாமையால் அன்று. தமிழில் அறிந்ததற்கு வேற்றுமொழிச் சொல் தேடுவதால். தமிழறியாத ஆசிரியர் இதனை உணர்தல் அரிது.

1970 முதல் ஆங்கிலவழித் தொடக்கப்பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. 1983இல் அமைதிப் படையும் விடைபெற்றது. இன்று பிறநாடு சென்று கற்பிக்க விழையும் நம் மாணவர்கள், தம் வகுப்பில் அமரும் பிள்ளையின் வீட்டுமொழி எதுவென்று முதலில் கேட்டறிக; அம்மொழியில் பத்துச் சொற்களையேனும் கற்றபின் பாடத்தைத் தொடங்குக.