மெஜஸ்டிக்கிலிருந்து ஹெசரகட்டா வரை: மண்பாதையில் ஒரு பழைய ஆறு

2024 மார்ச்சில் அம்மா திருக்கோவிலூரிலிருந்து பெங்களூர் வந்திருந்தார். நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தார்! எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு போர்வெல்லும் கைவிட்டு, டேங்கர் லாரி வந்தால் குளியல், வராவிட்டால் இல்லை என்று ஓடிக்கொண்டிருந்த சமயம். மூன்றாம் நாள் கேட்டுவிட்டார்.

"ஏண்டா, இவ்ளோ பெரிய ஊரு. இந்த ஊருக்குன்னு ஒரு ஆறு கிடையாதா?"

"காவேரித் தண்ணி வருதும்மா."

"அது எங்கயோ நூறு கிலோமீட்டர் தள்ளில்ல ஓடுது? நான் இந்த ஊரு ஆத்தைக் கேட்டேன்."

தென்பெண்ணைக் கரையில் பிறந்தவர், கேட்கத்தானே செய்வார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு விடியற்காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த ஆற்றைத் தேடிக் கிளம்பினேன்.

சைக்கிள் என்றால் கிராவல் பைக். பார்ப்பதற்கு வளைந்த கைப்பிடி வைத்த ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்கும். டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் வாக்கில் அகலம். தார் ரோட்டிலும் ஓடும், செம்மண்ணிலும் சரளையிலும் வழுக்காமல் ஓடும். (நம்ம ஊர் பால்காரர் கேரியரில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு, இதே மாதிரி பாதையில் சாதா சைக்கிளில் போவார். அதற்கு யாரும் தனிப் பெயர் வைக்கவில்லை!) பெங்களூரைச் சுற்றி இந்த வண்டிக்கு ஏற்ற இடங்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. தெற்கே துரஹள்ளி, வடக்கே நந்தி மலை அடிவாரத்துக் கிராமங்கள், வடமேற்கே ஹெசரகட்டா.

இந்தப் பாதைகளில் சில வருடங்களாகச் சுற்றியதில் ஒன்று புரிந்தது. நாம் ஜாலியாக ஓட்டும் மண்பாதைகளில் நிறைய, ஏரிக்கரைகள் அல்லது ஏரிக்குப் போகும் வண்டித்தடங்கள். இங்கே நம்மைக் குழப்பும் ஒரு சங்கதி உண்டு. கன்னடத்தில் 'கெரெ' என்றால் ஏரி. 'ஏரி' என்றால் ஏரியின் கரை! ஒருமுறை கிராமத்துப் பெரியவர் ஒருவர் "ஏரி மேலே போங்க" என்று கன்னடத்தில் வழி சொன்னபோது, தண்ணீர் மேல் எப்படிப் போவது என்று முழித்தேன்.

சரி, பயணத்துக்கு வருவோம். ஆரம்பம் மெஜஸ்டிக். ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து, தூக்கக் கலக்கத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு இறங்காத தமிழர் இங்கே குறைவு. நாம் இறங்கி நின்ற அந்த இடம் தர்மாம்புதி என்ற ஏரி. 1537இல் கெம்பேகௌடா உருவாக்கிய ஊருக்கு ஆறு கிடையாது; 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். பெய்த மழை மேற்கே அர்க்காவதிக்கும் கிழக்கே தென்பெண்ணைக்கும் வழிந்து போய்விடும். அதனால் ஏரி வெட்டித்தான் பிழைத்தார்கள். சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா ஸ்டேடியம்.

1876-78 பெரும் பஞ்சம் இந்த ஏற்பாட்டை ஆட்டிவிட்டது. 1882இல் சாங்கி ஏரி கட்டினார்கள், போதவில்லை. அப்போதுதான் சேஷாத்ரி ஐயர் வருகிறார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1845இல் பிறந்தவர், 1883 முதல் 1901 வரை மைசூர் திவான். சேஷாத்ரிபுரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஊருக்குள் ஏரி தோண்டிப் பயனில்லை, வெளியே ஓடும் அர்க்காவதியில் அணை கட்டித் தண்ணீரை மேலே ஏற்றுவோம் என்பது அவர் காலத்துத் திட்டம். அப்படி 1894இல் வந்தது ஹெசரகட்டா ஏரி. மன்னர் பெயரில் சாமராஜேந்திரா நீர்நிலையம் என்றார்கள்.

மெஜஸ்டிக்கிலிருந்து ஏரிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். மல்லேஸ்வரம், யஷ்வந்த்பூர், ஜாலஹள்ளி வரை சொல்ல எதுவும் இல்லை. பஸ் புகையும் மெட்ரோ தூண்களும்தான். சிக்கபாணவரா தாண்டியதும் ரோட்டை விட்டு இறங்கலாம். சோலதேவனஹள்ளி பக்கம் வந்ததும் நான் வண்டியை நிறுத்திவிட்டேன். ஹெசரகட்டாவிலிருந்து தண்ணீர் செங்கல் கால்வாய் வழியாகச் சரிவில் தானாகவே இறங்கி வந்ததாம். சோலதேவனஹள்ளியில் நீராவி எந்திரங்கள் அதை இரும்புக் குழாயில் தள்ளி மல்லேஸ்வரத்துக்கு ஏற்றின. அங்கே வடிகட்டி ஊருக்குக் கொடுத்தார்கள். நான் மூச்சு வாங்க மிதித்து வந்த பாதையில், எதிர்த் திசையில், 130 வருடத்துக்கு முன்னால் தண்ணீர் போயிருக்கிறது. திரும்பும்போது மல்லேஸ்வரம் ஏற்றத்தில் தொடை வலித்தபோது அந்த எந்திரங்களை நினைத்துக்கொண்டேன்.

ஹெசரகட்டா வந்ததும் கட்டடங்கள் சட்டென்று விலகி ஒரு பெரிய புல்வெளி. பெங்களூர்ப் பக்கம் இப்படி ஒரு வெட்டவெளியா என்று இருக்கும். குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வரும். வானம்பாடிகள் தரையிலேயே கூடு கட்டும். கிராவல் பைக்காரர்களுக்கு சொர்க்கம்தான், ஆனால் என் கருத்தைக் கறாராகவே சொல்லிவிடுகிறேன்: இருக்கிற வண்டித்தடத்தை விட்டு இறங்காதீர்கள். புல்லில் ஓட்டிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. தடத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு கூட்டில் முட்டை இருக்கலாம். இங்கே ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் பாதுகாப்புப் பகுதியாக்க 2024 அக்டோபரில் மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது.

அப்புறம் கரை மேல் ஏறினேன். நீளமான கரை. உள்ளே பார்த்தால் பச்சையாக இருந்தது; தண்ணீர் இல்லை, புதர். நடுவில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

ஹெசரகட்டா முப்பது வருடம்கூட நம்பிக்கையாக ஓடவில்லை. 1920களிலேயே கைவிரித்துவிட்டது. அதே அர்க்காவதியில் இன்னும் கீழே இறங்கி, குமுத்வதி வந்து சேரும் இடத்தில் 1933இல் திப்பகொண்டனஹள்ளி அணையைக் கட்டினார்கள். பிறகு அதுவும் மெலிந்தது. மழை பொய்த்துவிட்டது என்று சுலபமாகச் சொல்வார்கள்; அப்படியில்லை. ஆய்ந்தவர்கள் மழைக் கணக்கைப் பார்த்தபோது அது பெரிதாகக் குறையவில்லை. மேற்பகுதி முழுக்கத் துளைத்த போர்வெல்களும் தைல மரத் தோப்புகளும் ஆற்றுக்கு வர வேண்டியதை நிலத்துக்கடியிலேயே குடித்துவிட்டன. எங்கள் குடியிருப்பின் இரண்டு போர்வெல்லும் ஊரின் இன்னொரு மூலையில் இதே வேலையைத்தான் செய்தன. ஆக, நானும் அந்தக் கணக்கில் உண்டு.

அதன் பிறகுதான் காவிரி. 1905இலேயே சிவனசமுத்திரம் மின்சாரத்தில் பெங்களூருக்கு விளக்கு எரிந்தது. முதலில் வெளிச்சமாக வந்த காவிரி, தண்ணீராக வர 69 வருடம் ஆனது. 1974இல் தொரெகாடனஹள்ளியிலிருந்து ஆரம்பித்து, சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தில் மட்டும் நாளைக்கு 77.5 கோடி லிட்டர்.

1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இந்த ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் காவிரி என்ற பெயரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2016இல் இரண்டு நாள் நான் அம்மாவோடு போனில்கூட மெதுவாகத்தான் பேசினேன். இரண்டு பக்கமும் அணைக்கட்டுக் கணக்கை எத்தனையோ பேர் பேசினார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஆற்றை இந்த ஊர் தொலைத்த கதையை ஒருவரும் பேசிக் கேட்கவில்லை. அர்க்காவதியும் கடைசியில் சங்கமா என்ற இடத்தில் காவிரியில்தான் சேர்கிறது. இப்போது பெங்களூரின் பாதிச் சாக்கடையை விருஷபாவதி வழியாகச் சுமந்துகொண்டு போய்ச் சேர்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் போனில் எடுத்த படங்களைக் காட்டினேன். "ஆறு இருக்கும்மா. நந்தி மலையில பொறக்குது. உங்க தென்பெண்ணையும் அங்கதான் பொறக்குது."

அம்மா கொஞ்ச நேரம் அந்த மாடு மேயும் படத்தையே பார்த்தார். "நம்ம ஆறும் இப்ப இப்படித்தாண்டா கெடக்கு. ஓசூர் தாண்டி வரும்போதே நுரையா வருதுன்னு டிவில காட்டினான்" என்றார். கெலவரப்பள்ளி அணையைச் சொல்கிறார். அந்த நுரை எங்கிருந்து போகிறது என்று நான் சொல்லவில்லை. பெல்லந்தூர்ப் பக்கம் எத்தனை வருடம் வேலை பார்த்திருக்கிறேன்!

சைக்கிள் முழுக்கச் செம்மண். கழுவ வாளியை எடுத்தேன்.

"அரை வாளி போதும். டேங்கர்காரன் நாளைக்குத்தான் வருவானாம்" என்றார் அம்மா.