செஞ்சியில் மனை, சென்னையில் அடுக்ககம்: வீட்டுச் சந்தையின் இருவேறு இடர்கள்

பெருநகரில் வீடு வாங்குவதுதான் ஆபத்து, சிற்றூரில் மண்ணில் போட்ட பணம் எங்கும் போகாது என்னும் நம்பிக்கை நம் மக்களிடையே வலுவாக உள்ளது. செஞ்சியை முன்வைத்துப் பார்த்தால் இது பாதி உண்மையே.

சென்னையின் இடர் வெளிப்படையானது: உயர்ந்த விலை, நீண்ட காலத் தவணை, கட்டி முடிக்காத நிறுவனம். 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த அடுக்ககம் இடிந்து 61 பேர் இறந்தனர். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுவதைத் தடுக்கிறது. வாங்குவோரிடம் பெற்ற தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. குறைகள் இருப்பினும், முறையிட ஓர் இடம் உண்டு.

செஞ்சியில் விலைச் சரிவு பெரிய அச்சமன்று. உரிமைமூலமே அச்சம். திண்டிவனம், திருவண்ணாமலை சாலைகளையொட்டி வயலில் கல் நட்டால் அது மனையாகிவிடாது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதியச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்தது. 2017இல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20 வரையிலான மனைகளுக்கே வழிவிட்டன. 500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதியப்பட வேண்டும் என்பது சிற்றூருக்கும் பொருந்தும். இதைக் கேட்டுப் பார்ப்பவர் அரிது.

கோட்டை வேறொரு சிக்கல். 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தளங்களுள் ஒன்றாக அது யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுலா வரும், விலை ஏறும் என்று தரகர்கள் பேசுவது இயல்பே. ஆனால் 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். தடைப் பகுதியில் பழைய வீட்டைச் செப்பனிடவும் அனுமதி தேவை. கோட்டையடியில் வாழும் ஏழைக்கு இது அன்றாடக் கேள்வி.

இவற்றினும் ஆழமானது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் அறிக்கையை அடுத்து 1892இல் தொடங்கிய ஒப்படைப்பின்படி, பத்தாண்டுகள் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாதென உயர் நீதிமன்றம் கூறியுள்ளது. அத்தகைய நிலம் மனையாக மாறும்போது உரியவர் நிலத்தை இழக்கிறார், விவரமறியாது வாங்கியவர் பணத்தை இழக்கக்கூடும். 1994இல் காரணையில் இந்நிலத்துக்காகப் போராடி இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்ததை மறக்க முடியாது.

பொருளாதார நூல்கள் பேசாத இடர் ஒன்றும் உண்டு. சேரியில் நல்ல வீடு கட்டினாலும் ஊரிலிருந்து எவரும் வாங்க வருவதில்லை. அரசு தந்த வீட்டுமனைப் பட்டாவில் விற்பனைக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. மகளின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ பணம் தேவைப்படும் நாளில் அவ்வீடு பணமாவதில்லை. நகையே அடகுக்குப் போகிறது. சென்னையிலும் சாதி மறைந்துவிடவில்லை. ‘சைவர்களுக்கு மட்டும்’ என்னும் வாடகை அறிவிப்பின் பொருளை நாம் அறிவோம். பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் குடியேற்றப்பட்டோர் நகரத்து விலையேற்றத்தின் பயனை அடையவில்லை, பிழைப்பிலிருந்து தொலைவையே அடைந்தனர். எனினும் பெருநகரில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாதிருப்பதே ஓரளவு காப்பாகிறது.

செஞ்சியில் மனை பார்ப்போர் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடலாகாது. வட்டாட்சியர் அலுவலகத்தின் பழைய அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே ‘டி.சி.’ நிலமெனக் குறிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுச் செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் தருவது அலுவலரின் கடமை.