இஞ்ஞாசியாரும் நன்மை வேடம் பூண்ட சோதனையும்

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) படைத்தொழிலை விட்டுத் துறவு பூண்டவர். ஆதலின், பசாசின் சோதனையை எதிர்த்தல் பற்றி அவர் கூறியன யாவும் போர்க்களத்தின் வழிப்பட்டனவே என்று கருதுவார் உளர். தம் 'ஞானப் பயிற்சிகள்' என்னும் நூலில், கோட்டையின் நலிந்த பகுதியை நாடித் தாக்கும் படைத்தலைவனைப் பகைவனுக்கு அவர் உவமை கூறியிருத்தலும் அதற்கு இடந்தருகின்றது. ஆயினும் உவமையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது. அவர்தம் வரலாறு வேறொன்றை நமக்குக் காட்டுகின்றது.

அவ்வரலாற்றை அவரே 1553 முதல் 1555 வரை கொன்சால்வெஸ் தா காமரா என்பவரிடம் எடுத்துரைத்தார். தம்மை 'நான்' என்னாது 'பயணி' என்று படர்க்கையில் வைத்தே கூறிச் செல்கின்றார். தம் உள்ளத்தைப் பிறர் உள்ளம்போல் எட்ட நின்று நோக்கும் பழக்கம் இந்நடையிலேயே புலப்படுகின்றது எனலாம்.

1521ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பாம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. லொயோலா மாளிகையில் படுத்த படுக்கையாய் இருந்தபோது வீரக் கதைகளைக் கேட்டார். கிடைத்தவை கிறிஸ்து வரலாறும் புனிதர் வரலாறுகளுமே. உயர்குல நங்கையொருத்திக்குத் தொண்டு புரிவதாக எண்ணும்பொழுதும் இன்பம். வெறுங்காலுடன் எருசலேம் செல்வதாக எண்ணும்பொழுதும் இன்பம். ஆனால் முன்னது நீங்கியபின் உள்ளம் வறண்டது. பின்னது நீங்கியபின்னும் மகிழ்ச்சி நிலைத்தது. இவ்வேறுபாட்டை உணர்ந்ததே அவர்தம் பிற்காலக் கொள்கை அனைத்துக்கும் வித்து.

எண்ணங்களை நோக்குதல் திருச்சபைக்குப் புதிதன்று. 4ஆம் நூற்றாண்டிலேயே எகிப்துப் பாலைநிலத் துறவி எவாக்ரியுஸ் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். இஞ்ஞாசியாரோ வகுத்தலினும், ஓர் எண்ணம் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று பின்தொடர்தலையே பெரிதாகக் கொண்டார். அதற்கு அவர் கொடுத்த விலை மன்ரேசாவில் விளங்கும்.

1522இல் மொன்செராத் திருத்தலத்தில் மூன்று நாள் முயன்று எழுதிப் பாவசங்கீர்த்தனம் செய்தபின் அவர் மன்ரேசாவை அடைந்தார். அங்கே, ஏதேனும் ஒரு பாவத்தைச் சொல்லாது விட்டோமோ என்னும் ஐயம் அவரைப் பற்றியது. தெளிவானவற்றை மட்டும் சொல்லுமாறு குரு பணித்தார். அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தோன்றின! நாள்தோறும் ஏழு மணி நேரம் செபித்தும் அமைதி இல்லை. அறையிலிருந்த பள்ளத்தில் வீழ்ந்து மாய்ந்துவிடலாம் என்னும் எண்ணமும் எழுந்தது. இறைவனுக்கு ஆகாததைச் செய்யேன் என்று அலறி அதனை விலக்கினார். ஒருவாரம் உணவின்றி இருந்தார். குருவின் கட்டளையால் உண்டார். இரு நாள் அமைதி. மூன்றாம் நாள் பழைய பாவங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மீண்டும் தொடர்ந்து வந்தன. அவற்றின் முடிவில், மேற்கொண்ட துறவு வாழ்வையே கைவிடும் வெறுப்பு எழுந்தது. அக்கணமே கனவினின்று விழித்தார்போல் விழித்தார். தூய்மையை நாடித் தொடங்கிய எண்ணம் துறவைத் துறப்பதில் முடியுமாயின் அதன் மூலம் நல்லதன்று எனத் தெளிந்து, பழம் பாவங்களை மீண்டும் அறிக்கையிடுவதில்லை என உறுதி கொண்டார்.

ஈண்டு அவர் வெற்றி மேலும் கடுந்தவம் புரிந்ததால் வந்ததன்று என்பதை நாம் கருதவேண்டும். கடுந்தவமே சோதனையின் கருவியாயிருந்தது. 1548இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பரின் ஒப்புதல் பெற்ற 'ஞானப் பயிற்சிகள்', எண்ணத்தின் தொடக்கம், இடை, முடிவு ஆகிய மூன்றும் நல்லனவா என ஆராயுமாறு விதித்திருப்பது இப்பட்டறிவின் பயனே. மறைவை விரும்பும் கள்ளக் காதலனோடு பகைவனை ஒப்பிட்டு, அவன் சூழ்ச்சியை ஞானத் தந்தையிடம் வெளியிடுக என அந்நூல் கூறுவதும் கருதத்தக்கது. அப்பயிற்சியில் தோய்ந்த சபையினராகிய அண்டிரிக் அடிகளார், 1580இல் கொச்சியில் தமிழில் 'கொம்பெசியொனாயரு' என்னும் பாவசங்கீர்த்தன நூலை அச்சிட்டதும் இத்தொடர்பில் நினைவுக்கு வருகின்றது.

மன்ரேசாவில் கற்றதைப் பார்சலோனாவில் அவர் பயன்படுத்தினார். 1524இல், முப்பது வயதைக் கடந்தபின், இலத்தீன் இலக்கணம் பயிலத் தொடங்கினார். மனப்பாடம் செய்ய அமர்ந்தபோதெல்லாம் ஞானப் பொருள்கள் இனிமையுடன் ஊற்றெடுத்தன. செபத்திலோ திருப்பலியிலோ அவை அத்துணைத் தெளிவாக வந்தில. இதுவும் சோதனையே எனக் கண்டார். ஆசிரியரைக் கடல் அன்னை ஆலயத்துக்கு அழைத்துச் சென்று, நிகழ்ந்ததை ஒளியாது கூறி, உயிர்வாழ அப்பமும் தண்ணீரும் பார்சலோனாவில் கிடைக்கும் வரை இரண்டாண்டும் பாடத்தைத் தவறேன் என்று வாக்களித்தார்.