சாந்தி ஏமாற்றினாரா?

சுங்கை ஊடாங் ஒட்டுக்கடையில் ஓட்டப்பந்தயப் பேச்சு வந்து சாந்தி சௌந்திரராஜன் பெயர் அடிபட்டால், யாராவது ஒருத்தர், “ஏமாத்திட்டாங்கல்ல?” என்பார். எனக்கு அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில், 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஊக்கமருந்து எதுவும் இல்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். எல்லா வீராங்கனைகளுக்கும் பாலினச் சோதனை என்ற வழக்கத்தை ஒலிம்பிக் கமிட்டி சிட்னி 2000க்கு முன்பே கைவிட்டிருந்தது. அப்போது சந்தேகம் என்று யாராவது சொன்னால் மட்டும் சோதனை என்றிருந்தது. அப்படியென்றால் முதல் தீர்ப்பு கண்ணால் பார்த்தே எழுதப்பட்டுவிட்டது.

நான் எஞ்சினியர். ஒரு வால்வைச் சோதித்தால்கூட அறிக்கை முதலில் உரியவர் கைக்குத்தான் போகும். சாந்திக்குத் தன் உடம்பைப் பற்றிய முடிவு டிவி செய்தியில் தெரிந்தது. ஊர் உலகத்துக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு அவர் தற்கொலைக்கு முயன்றதாகச் செய்தி வந்தது.

முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய்ப் பரிசைக் கொடுத்தார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். இந்திய விளையாட்டு அதிகாரிகள் வாய் திறக்கவில்லை. 2009இல் காஸ்டர் செமென்யாவுக்கு இதே நிலை வந்தபோது தென்னாப்பிரிக்க அரசே சண்டைக்கு நின்றது. தங்கம் அவரிடமே தங்கியது. 2015இல் டூட்டி சந்த் மேல்முறையீட்டில் வென்றார், இந்த முறை இந்தியா கூட நின்றது.

2012இல் சாந்தி செங்கல் சூளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழக அரசு பயிற்சியாளர் வேலை தந்தது. வெள்ளிப் பதக்கம் திரும்பவில்லை.