மதில் தாண்டி வந்த ஆட்டக்காரர்

புற்றரை ஹொக்கியை அறிந்த நேயர்களுக்குப் பனிக்கட்டித் தளத்தில் ஆடப்படும் ஹொக்கி புதுமையாகத் தோன்றலாம். அமெரிக்க, கனடிய நகரங்களின் அணிகள் மோதும் தேசிய ஹொக்கி லீக்கில், இளம் வீரர் ஒருவர் எந்த அணிக்கு உரியவர் என்பதை ஆண்டுதோறும் நடைபெறும் வீரர் தெரிவு நிச்சயிக்கின்றது. அணிகள் முறைவைத்து ஒவ்வொரு பெயராகச் சொல்லும். பெயரைச் சொல்வது எளிது. அவரை அழைத்து வருவது எக்காலத்தும் எளிதாயிருந்ததில்லை.

மோட்டார்த் தொழிலுக்குப் பேர்போன டெற்றோயிற் நகரின் ரெட் விங்ஸ் அணி, 1955இல் ஸ்ரான்லிக் கிண்ணத்தை வென்றபின் நெடுங்காலம் நலிந்து கிடந்தது. 1985-86 பருவத்தின் 80 ஆட்டங்களில் 57இல் தோற்றது. அடுத்த தெரிவில் தனக்குக் கிடைத்த முதலிடத்தைக் கொண்டு ஜோ மேர்பியை எடுத்து, 1989இல் அவரையும் வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டது. முதலிடம் கைகொடாத அவ்வணிக்குக் கடையிடங்களே கைகொடுத்தன.

1989 யூன் மாதத் தெரிவில் 252 பெயர்கள் வாசிக்கப்பட்டன. டெற்றோயிற் 53ஆம் இடத்திற் சுவீடனின் நிக்லஸ் லிட்ஸ்ரோமையும், 74ஆம் இடத்திற் சோவியத்து நாட்டின் சேர்ஜி பெடரோவையும், 221ஆம் இடத்தில் விளாதிமிர் கொன்ஸ்தாந்தினோவையும் எடுத்தது. பின்னிருவரின் திறமையைப் பிற அணிகள் அறியாதிருக்கவில்லை. ஆனால் அவர்கள் மொஸ்கோ இராணுவக் கழகத்து ஆட்டக்காரர். அனுமதியின்றி நாடு நீங்கினால் படையை விட்டோடிய குற்றம் சாரும். வரமாட்டாதவருக்காக உயர்ந்த இடமொன்றை இழக்க எவர்தாம் துணிவர்? டெற்றோயிற்றுக்கோ முன்னனுபவம் இருந்தது. 1983இல் 86ஆம் இடத்தில் எடுத்த செக்கோசிலவாக்கியர் பேத்தர் கிளிமாவை, ஈராண்டின் பின் மேற்கு ஜேர்மனியிலிருந்து இரகசியமாக அழைத்து வந்த அணியல்லவா அது! கடையிடத்துப் பெயர் வாராதொழியினும் இழப்புச் சொற்பம் என்பதே அவர்கள் கணக்கு.

எனினும் அக்கணக்கில் அணி வைத்தது ஓரிடத்தை. வீரர் வைத்ததோ தம் வாழ்வை. நல்லெண்ண விளையாட்டுக்காக அமெரிக்கா வந்த பெடரோவ், 1990 யூலையிற் போர்ட்லாந்து விடுதியிலிருந்து வெளியேறி, அணி உரிமையாளரின் விமானத்தில் டெற்றோயிற் சேர்ந்தார். கொன்ஸ்தாந்தினோவ், தீராத நோய் கண்டவர் என்ற பொய்ச் சான்றின் பேரிற் படையினின்று விடுபட்டு 1991இல் வந்தார் என்பது பின்னர் வெளிவந்த கதை. சுவீடனிலிருந்து எத்தடையுமின்றி வந்த லிட்ஸ்ரோமோ, சிறந்த காப்பு வீரருக்கான நொறிஸ் விருதை ஏழு முறை பெற்றார்.

1997 யூன் 7ஆம் நாள், 42 ஆண்டுகளின் பின் கிண்ணம் மீண்டும் டெற்றோயிற் வந்தது. ஆறாம் நாள், கொண்டாட்டத்திலிருந்து திரும்பிய வாடகைக் கார் மரத்தில் மோத, கொன்ஸ்தாந்தினோவ் தலையிற் பெருங்காயமுற்றார். அவர் அதன்பின் ஆடவேயில்லை. மறுவருடம் வாஷிங்டனில் அணி மீண்டும் வென்றபோது, அவரைச் சக்கர நாற்காலியிற் பனித்தளத்துக்குக் கொணர்ந்து, கிண்ணத்தை அவர் மடியில் வைத்தனர்.

அதே மாதம் 27ஆம் நாள் நடந்த தெரிவில், 171ஆம் இடத்தில், மெலிந்த ரஷ்ய இளைஞர் ஒருவரின் பெயரை டெற்றோயிற் சொன்னது. 2002இலும் 2008இலும் அவ்வணி கிண்ணம் வென்றபோது அதில் ஆடிய பாவெல் டற்சியுக் அவர்.