கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்றாலும்

ஏப்ரல் முதல் தேதி நெருங்கினால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் 1960-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி தாலுகா ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து, சென்னை ராஜ்ஜியத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்தது. நான் கே.ஜி.கண்டிகைக்கு மாப்பிள்ளையாக வந்தவன், பிறந்தது புதுவை. அதனால் எல்லைப் போராட்டத்தை நேரில் பார்த்ததில்லை. எல்லாம் மாமனார் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக் கேட்டதும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதும்தான்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. அங்கே 1789-ஆம் வருஷத்து மனித உரிமைப் பிரகடனத்தை நெட்டுருப் போட வைப்பார்கள். அதில் மூன்று பிரிவுகள் இன்னும் மனதில் நிற்கின்றன. அரசு வேலைக்குத் திறமையும் ஒழுக்கமும் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது என்பது 6-வது பிரிவு. காவல் படை என்பது எல்லோருடைய நன்மைக்கும்தான், அதைக் கையில் வைத்திருப்பவர்களின் வசதிக்கு அல்ல என்பது 12-வது. அரசு ஊழியன் எவனானாலும் அவனிடம் கணக்குக் கேட்கச் சமுதாயத்துக்கு உரிமை உண்டு என்பது 15-வது. இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த அதே பிரெஞ்சு ஆட்சியில்தான் 1936 ஜூலை 30 அன்று புதுவை சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பன்னிரண்டு பேர் செத்தார்கள். எழுதி வைப்பது வேறு, பதில் சொல்வது வேறு என்று அப்போதே எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

திருத்தணி கதைக்கு வருகிறேன். 1911-ல் வெள்ளைக்காரர்கள் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கியபோது அது சென்னை மாகாணத்துக்குள் ஒரு நிர்வாகக் கோடு, அவ்வளவுதான். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல வீடுகளில் ஒரே திண்ணையில் பேசப்பட்டன. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து உயிர் விட்டார். ஆந்திர ராஜ்ஜியம் உறுதியாயிற்று. சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போகும் என்றானபோது இங்கே கொதித்தது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம், குருவராயப்பேட்டையிலிருந்து ஊர் ஊராகத் தமிழ் கற்பித்த மங்கலங்கிழார், திருத்தணி வழக்கறிஞர் கே.விநாயகம் என்று பலர் முன்னால் நின்றார்கள். 1953 ஜூலையில் தடையை மீறி மறியல் நடந்தது, ம.பொ.சி. கைதானார். மங்கலங்கிழார் அந்த ஆகஸ்டிலேயே காலமாகிவிட்டார். போராட்டத்தில் சிறை சென்றவர்களில் இருவர் சிறையிலேயே இறந்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "ஆந்திரா போலீஸ் நம்மைப் பிடித்துப் போட்டது" என்று என் மாமனாரே சொல்வார். ஆனால் ஆந்திர ராஜ்ஜியம் பிறந்தது 1953 அக்டோபர் 1-ல். ஜூலையில் இங்கே கைது செய்தது ராஜாஜி முதலமைச்சராக இருந்த சென்னை சர்க்காரின் போலீஸ். தமிழ் பேசும் தொண்டர்களைத் தமிழ் பேசும் போலீஸ்காரர்களும்தான் வண்டியில் ஏற்றியிருப்பார்கள். லத்தியைப் பிடித்த கை எந்த மொழிக்காரனுடையது என்பதைவிட, அந்தக் கை யாருக்குக் கட்டுப்பட்டது என்பதுதான் முக்கியம்.

குமாஸ்தாவாக இருந்தவன் புத்தி கோப்பைத் தேடித்தான் போகும். காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்பது 1898 குற்ற விசாரணைச் சட்டத்திலேயே இருந்தது. 1993-ல் தேசிய மனித உரிமை ஆணையம் வந்த பிறகு, காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. போலீஸ் காவல் மரணங்களை நீதித்துறை மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டும் என்று பிற்பாடு சட்டத்தையே திருத்தினார்கள். எல்லைக் காவலர்களுக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது, மாலை போடுகிறது. நல்ல காரியம். ஆனால் நான் கேட்ட எந்தக் கூட்டத்திலும் அந்த இரண்டு மரணங்களுக்கு யார் பதில் சொன்னார்கள் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. தியாகி என்று சொல்லிவிட்டால் விசாரணை தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

பிறகு இரண்டு ராஜ்ஜியங்களும் சம்மதித்து எச்.வி.படாஸ்கரை நடுவராக வைத்தன. கிராமத்தை அலகாக எடு, மொழிப் பெரும்பான்மையைப் பார், நிலத் தொடர்ச்சியைப் பார் என்பது அவர் வழி. அதன்படி 1959-ல் பாராளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் போட்டது. திருத்தணி இங்கே வந்தது. நகரியும் புத்தூரும் அங்கேயே நின்றன, சத்தியவேடு பக்கம் இங்கிருந்து அங்கே போயிற்று. கோட்டை எங்கே போட்டாலும் சிலர் தப்பான பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும்.

அப்படி நின்றவர் ஒருவரை எனக்குத் தெரியும். மாமனாருக்குச் சிநேகிதர், கர்ணம் வேலை பார்த்தவர், வீட்டில் தெலுங்கு. அடங்கலும் சிட்டாவும் தெலுங்கில் எழுதிப் பழகிய கை. 1960-க்குப் பிறகு நாற்பது வயதைத் தாண்டி, பேரன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகினார். "பேச வரும் நாயனா, எழுதத்தான் கை வணங்கல" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். வேலை போகவில்லை. ஆனால் போய்விடுமோ என்ற பயம் இரண்டு வருஷம் தூங்கவிடவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

அந்தப் பயத்துக்கு மருந்தாகச் சில ஏற்பாடுகள் காகிதத்தில் இருந்தன. பசல் அலி கமிஷன் 1955-லேயே மொழிச் சிறுபான்மையினரைப் பற்றிப் பேசியது. 1956 மறுசீரமைப்புச் சட்டத்தில், ஊழியரின் பணி நிபந்தனைகளை மத்திய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் பாதகமாக மாற்றக் கூடாது என்று எழுதினார்கள். அரசியல் சட்டத்தில் 350-பி பிரிவைச் சேர்த்து, மொழிச் சிறுபான்மையினருக்கென ஓர் ஆணையரை 1957-ல் நியமித்தார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி.மாலிக் முதல் ஆணையர். வேலைக்கு எடுக்கும்போதே வட்டார மொழி தெரிய வேண்டுமென்று கட்டாயப்படுத்தாமல், புரொபேஷன் முடிவதற்குள் தேறினால் போதும் என்பது மத்திய அரசின் யோசனை. ஆணையரின் அறிக்கை பாராளுமன்றத்தில் வைக்கப்படும். ஆனால் அவர் சிபாரிசு செய்யலாமே தவிர உத்தரவிட முடியாது.

இதெல்லாம் எனக்கு ஏட்டுச் சமாசாரம் அல்ல. பள்ளியில் தமிழைப் பாடமாகப் படிக்காதவன் என்பதால், அரசுப் பணியில் சேர்ந்ததும் இரண்டாம் நிலை மொழித் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். தாய்மொழி தமிழ், அதில் பரீட்சை! முதல் தடவை தவறிவிட்டேன். இன்கிரிமென்ட் நின்றது. சக ஊழியர்கள் "துரை" என்று கேலி செய்தார்கள். ஆனால் தலைமை எழுத்தர் ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்கார வைத்து வரைவு எழுதக் கற்றுக்கொடுத்தார். அடுத்த தடவை தேறினேன். நின்ற தொகை சொற்பம்தான். சர்வீஸ் ரிஜிஸ்டரில் இருந்த அந்தச் சிவப்பு மை வரியை இன்றும் மறக்க முடியவில்லை.

பல வருஷம் கழித்து, இலங்கையில் கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசு எழுத்தரின் வழக்கைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1956-ல் அங்கே சிங்களம் மட்டும் ஆட்சிமொழி ஆயிற்று. சிங்களத் தேர்வு எழுதாத தமிழ் ஊழியர்களுக்கு இன்கிரிமென்ட் இல்லை என்று 1961-ல் ஒரு சுற்றறிக்கை வந்தது. கோடீஸ்வரன் தேர்வு எழுத மறுத்தார், 1962-ல் இன்கிரிமென்ட் நின்றது, அவர் கோர்ட்டுக்குப் போனார். மாவட்ட நீதிபதி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். உச்ச நீதிமன்றம், அரசு ஊழியன் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்கே போட முடியாது என்று தள்ளியது. 1969-ல் லண்டன் பிரிவி கவுன்சில், வழக்குப் போடலாம் என்று சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டையே ஒழித்து, 1972-ல் புது அரசியல் சட்டமும் போட்டுவிட்டார்கள். ஒரு குமாஸ்தாவின் சின்ன இன்கிரிமென்ட்டுக்குப் பதில் சொல்ல மறுத்த நாடு பிறகு என்ன விலை கொடுத்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தாமதமாகவேனும் பதில் சொல்லப் பழகிய ஊரும் உண்டு. வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கும் பிராட்டஸ்டன்டுகளுக்கும் முப்பது வருஷச் சண்டை. பழைய போலீஸ் படையில் கத்தோலிக்கர் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான் இருந்தார்கள். 1989 சட்டத்தின்படி முதலாளிகள் தங்களிடம் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் என்று வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. 1999-ல் பாட்டன் கமிஷன் சொன்னபடி போலீசுக்குப் பாதிக்குப் பாதி என்று ஆள் எடுத்தார்கள். போலீஸ் மீது வரும் புகாரைப் போலீசே விசாரிக்காமல், தனி அதிகாரி விசாரிக்கிறார். பத்து வருஷத்தில் அந்த எட்டு, சுமார் முப்பது ஆயிற்று. மனம் மாறியதா என்பது வேறு கதை. கணக்குக் கேட்டதால் எண்ணிக்கை மாறியது.

இங்கே 2021 டிசம்பரில் தமிழக அரசு, அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் கட்டாயம் என்று உத்தரவிட்டது. சனங்களின் மொழி தெரியாதவன் சனங்களுக்கு வேலை செய்ய முடியாது. எனக்கு அதில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் எங்கள் தாலுகாவில் இன்னும் தெலுங்குப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைக்கு நல்ல தமிழ் வாத்தியாரைப் போட்டுவிட்டல்லவா பரீட்சை வைக்க வேண்டும்? இதையே நகரியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்காக நாம் ஆந்திர அரசிடம் கேட்போம் அல்லவா? அங்கே கேட்பதை இங்கே கொடுக்கத் தயாராக இருந்தால்தான் 1953-ல் சிறை போனவர்கள் கேட்டது நியாயம் என்று ஆகும்.

கர்ணம் போய் வெகு நாளாயிற்று. அவர் தமிழில் எழுதிய ஒரு பழைய நகலை மாமனார் பெட்டியில் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் உருண்டை, தெலுங்கு வாசம் போகவில்லை. ஆனால் ஒரு சர்வே எண்கூடத் தப்பாக இல்லை.