ஏரியைப் பார்த்துக்க என்ன தகுதி வேணும்?

நீர் மேலாண்மைக்கு இப்போ ஆன்லைன்லயே பயிற்சி, பரீட்சை, சான்றிதழ் எல்லாம் வந்தாச்சு. நானும் ஒண்ணுல சேர்ந்திருக்கேன், நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க. ஆனா ஏரியைப் பார்த்துக்க யாருக்குத் தகுதி என்ற கேள்வி ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசு.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்க. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். 919-ல் வயது 30 முதல் 60 வரை என்று வெச்சவங்க, 921-ல் அதையே 35 முதல் 70 ஆக்கிட்டாங்க. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல, சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேணும். (படிப்பு கூடுதலா இருந்தா அரைக்கால் வேலியே போதும்.) குடவோலையில் தேர்வு, பதவி 360 நாள்தான். எனக்குப் பிடிச்சது இன்னொரு விதி. முன்னாடி வாரியத்தில் இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் பேரை மட்டுமில்ல, அவரோட நெருங்கின சொந்தக்காரங்க பேரையும் குடத்தில் போடக் கூடாது!

ஆனா அது பிராமணர் சபை. ஏரியில் இறங்கிச் சேறு அள்ளினவங்க பேர் அந்தக் குடத்துக்குள்ள போகவே இல்லை.

மடை திறந்து வயல் வயலாத் தண்ணி பிரிச்சு விட்டவர் நீர்க்கட்டி. அப்பாகிட்ட மகன் கத்துக்கிட்ட வேலை அது. கூலி, களத்துல அளந்து போடுற நெல்லு. எங்க ஊர்ல கடைசி நீர்க்கட்டி போய்ச் சேர்ந்து வருஷமாச்சு. இப்போ கடைமடைக்காரங்க நாங்களே மண்வெட்டியோட ராத்திரிக் காவலுக்குப் போறோம்.